இடம் மாறிய இரண்டு எண்கள்

இலவச சட்ட உதவி மையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மறுபடி அக்கா' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் வந்த விஷக்காய்ச்சலில் அவளுடைய இடது காது பாதி போய்விட்டது. அதனால் யார் எது சொன்னாலும் "மறுபடி சொல்லுங்க" என்பாள். இரண்டாம் முறை கேட்டதை முதல் முறை குறித்ததோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டச்சு செய்வாள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவள் கோபித்துக்கொண்டதில்லை.

"அரைக் காதுல கேட்டு முழுசா எழுதுறேன். ரெண்டு காதும் இருக்கறவங்க எழுதுற லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்பாள்.

நீதிமன்ற வளாகத்தின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைதான் மையம். இரண்டு மேசை, ஒரு கணினி, வருகிறவர்கள் உட்கார ஒரு நீள பெஞ்சு. மேலே யாராவது வேகமாகப் படியேறினால் கீழே பேசுகிறவர் நிறுத்தித்தான் பேச வேண்டும். வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் அங்கே வருவார்கள். புருஷன் விரட்டிவிட்ட பெண், சம்பளம் கிடைக்காத காவலாளி, மகனை எந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள் என்றே தெரியாத தாய். இருபத்து நான்கு வருடமாக அவர்கள் சொன்னதை மனுவாக்கிக் கொடுத்தவள் மறுபடி அக்கா. வக்கீல்கள் வந்தார்கள், போனார்கள். அவள் மட்டும் அந்த நாற்காலியிலேயே இருந்தாள்.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து வேறு ஊருக்கு அனுப்பியாகிவிட்டது. அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. தொற்று நோய் பரவி ஊரடங்கு போட்டபோது பள்ளிகள் மூடின. வேன் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றது. அவர் அடுப்படிக்கு வந்து சேர்ந்தார்.

"நீயும் வீட்ல இரு. கோர்ட்டே மூடியாச்சு. நீ மட்டும் போய் யாருக்கு டைப் அடிக்கப் போற?" என்றார்.

"கோர்ட்டைத்தான் மூடியிருக்காங்க. ஜெயிலை மூடலையே" என்றாள் அவள்.

அந்த ஊர்ச் சிறை முந்நூற்று நாற்பது பேருக்காகக் கட்டப்பட்டது. அன்றைக்கு உள்ளே எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஆளுக்கு ஆள் மூன்றடி தள்ளி நில்லுங்கள் என்று வெளியே ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளே, ஒருவர் புரண்டு படுக்க வேண்டுமென்றால் பக்கத்திலிருப்பவரை எழுப்ப வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்களும் அல்ல. வழக்கு எப்போது வருமென்று காத்துக்கிடந்த விசாரணைக் கைதிகள்.

நோய் உள்ளே நுழைந்தால் என்ன ஆகும் என்று மேலிடத்தில் யோசித்திருக்கிறார்கள். ஏழு வருடத்துக்கு உட்பட்ட தண்டனைக் குற்றம் சாட்டப்பட்டவர்களையும், அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களையும், ஜாமீன்தார் இல்லாமலே, சொந்தக் கையெழுத்தின் பேரில் தற்காலிகமாக வெளியே விடலாம் என்று உத்தரவு வந்தது. முடிவெடுக்க ஒரு குழு. பட்டியலைச் சிறை தரும். ஆளுக்கொரு மனுவை சட்ட உதவி மையம் போட வேண்டும்.

சிறையிலிருந்து இருநூற்று அறுபத்தாறு பெயர்கள் வந்தன. மையத்தின் செயலாளர் வீட்டிலிருந்தபடி போனில் கட்டளையிட்டார். மையத்தில் பதிவு செய்திருந்த ஒன்பது வக்கீல்களில் அலுவலகத்துக்கு வந்தது ஒருத்திதான். முப்பது வயது. வீட்டில் மூன்று வயதுக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, பையில் ஒரு பாட்டில் தண்ணீரும் சானிடைசருமாக வருவாள். அவளும் மறுபடி அக்காவும் பதினோரு நாள் உட்கார்ந்தார்கள். பிரிண்டர் இருபது பக்கத்துக்கு ஒரு முறை சூடேறி நின்றுவிடும். அக்கா அட்டையை எடுத்து அதற்கு விசிறுவாள்.

"மனுஷனுக்கு விசிற ஆளில்ல, இதுக்கு நான் பணிவிடை பண்றேன்" என்பாள். வக்கீல் சிரிப்பாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் சிரிக்கும்.

நூற்று எண்பத்தெட்டுப் பேர் வெளியே வந்தார்கள். மற்றவர்கள் மேல் வேறு வழக்கும் இருந்ததால் குழு மறுத்துவிட்டது. இவ்வளவாவது நடந்ததே என்று அக்கா நினைத்தாள்.

மறுநாள் அந்தப் போன் வந்தது.

"மேடம், எங்க அண்ணன் பேரு லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துச் சொல்றீங்களா?"

தையல் கம்பெனியில் வேலை பார்த்த பெண். கம்பெனி மூடியிருந்தது. அவளுடைய அண்ணன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். வேலை பார்த்த ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டாரைக் காணோம் என்று வீட்டுக்காரர் புகார் கொடுத்திருக்கிறார். பிடித்துக்கொண்டு போனார்கள். முதல் மாதமே நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துவிட்டது. ஆனால் சொந்த வீட்டுப் பத்திரம் உள்ள இரண்டு பேர் ஜாமீன்தாராக வர வேண்டும். வாடகை வீட்டிலேயே பிறந்து வாடகை வீட்டிலேயே வளர்ந்த அண்ணன் தங்கைக்கு, பத்திரம் உள்ள ஆள் எங்கே கிடைப்பான்? பதினான்கு மாதமாக உள்ளேயே இருந்தான்.

"இந்த உத்தரவே உங்க அண்ணன் மாதிரி ஆளுக்குத்தாம்மா" என்று சொல்லிக்கொண்டே அக்கா பட்டியலைப் பார்த்தாள். பெயர் இல்லை. இன்னொரு முறை பார்த்தாள். இல்லை.

"என்ன பிரிவுல கேஸ் போட்டிருக்காங்கன்னு தெரியுமா?"

தங்கை முதல் தகவல் அறிக்கையைப் போனில் படமெடுத்து வைத்திருந்தாள். எண்ணைப் படித்தாள்.

"மறுபடி சொல்லுங்க."

படித்தாள். சாதாரணத் திருட்டு. அதிகபட்சம் மூன்று வருடம். அக்கா உடனே சிறையின் பதிவறைக்குப் போன் போட்டாள். அங்கே இருந்த எழுத்தரின் குரலில் எப்போதும் தூக்கம் இருக்கும்.

"அவனா? அவன் கொள்ளைக் கேஸும்மா. ஆயுதத்தோட. லிஸ்ட்ல வர மாட்டான்."

"நம்பரைப் படிங்க சார்."

படித்தார். மறுபடி கேட்டாள். சலிப்போடு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். கடைசி இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. முன்னது பின்னால் போனதில் மோட்டார் திருட்டு, கத்திமுனைக் கொள்ளை ஆகியிருந்தது.

"சார், இது எழுத்துப் பிழை. ரெண்டு நம்பர் இடம் மாறியிருக்கு."

"இருக்கலாம். கோர்ட்ல இருந்து வந்த வாரண்ட்ல அப்படித்தான் இருக்கு. வர்றதைத்தான் நாங்க எழுதுவோம். திருத்தணும்னா கோர்ட்ல திருத்திக் கொண்டாங்க."

இதில் என்ன இருக்கிறது, இரண்டு நாள் வேலை என்று அக்கா நினைத்தாள். தங்கையிடமும் அப்படியே சொன்னாள். அப்படிச் சொன்னதற்காகப் பின்னால் எத்தனையோ முறை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நீதிமன்ற எழுத்தர், வழக்குக் கட்டு பக்கத்துக் கட்டடத்தில் இருப்பதாகச் சொன்னார். அங்கே ஒருவருக்குத் தொற்று வந்ததால் கட்டடத்துக்குச் சீல் வைத்திருந்தார்கள். பதினான்கு நாள் ஆகும். கட்டு இல்லாமலேயே திருத்த முடியாதா என்று கேட்டதற்கு, "நான் எதைப் பாத்துத் திருத்துறது, உங்க முகத்தைப் பாத்தா?" என்றார். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால், ஃபைலைக் கோர்ட்டுக்கு அனுப்பியாச்சு என்றார்கள். கோர்ட்டில் கேட்டால், ஸ்டேஷனில் ஒரு நகல் இருக்குமே என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் பஸ் ஓடவில்லை. அக்கா வெயிலில் நடந்தாள். வழியில் தடுப்பு போட்டிருந்த காவலர் அவளுடைய அடையாள அட்டையைத் தூரத்திலிருந்தே படிக்க முயன்றார்.

"எதுக்கு அலையறீங்க? அத்தியாவசியப் பணின்னா மட்டும்தான் போகலாம்."

"ஒரு நம்பரைத் திருத்தப் போறேன்" என்றாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

வக்கீல் பொறுத்துப் பார்த்துவிட்டு, தங்கை அனுப்பிய படத்தை வைத்தே திருத்த மனு ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினாள். ஒன்பது நாள் கழித்து விசாரணைக்கு வந்தது. காணொளி விசாரணை. அலுவலகக் கணினியில் ஒலிவாங்கி கிடையாது. அதனால் வக்கீல் தன் போனை ஃபைல் அடுக்கில் சாய்த்து வைத்துப் பேசினாள். மாஜிஸ்ட்ரேட்டின் முகம் ஒரு பக்கம் உறைந்து நின்றது.

"கவுன்சல், வாய் அசையுது, குரல் வரல."

"யுவர் ஆனர், கேக்குதா? இப்போ கேக்குதா?"

"வரல. அடுத்த வாரம் பாக்கலாம்."

திரை கறுத்துவிட்டது. வக்கீல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். அக்கா எழுந்து போய் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். அவளுக்கு ஒரு காது பாதிதான். இங்கே ஒரு நீதிமன்றத்துக்கே காது கேட்கவில்லை.

வீட்டில் அவளும் கணவரும் தனித்தனி அறையில் இருந்தார்கள். அவள் வெளியே போய்வருகிறவள் என்பதால் அவளே போட்ட ஏற்பாடு. அவர் சாப்பாட்டைச் செய்து ஸ்டூலில் வைத்துவிட்டுத் தள்ளிப் போவார். உப்பு ஒரு நாள் தூக்கலாக இருக்கும், ஒரு நாள் இருக்கவே இருக்காது.

"இன்னைக்காவது வேலை முடிஞ்சுதா?" என்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார்.

"இல்லங்க."

"ரெண்டு நம்பருக்கா இவ்வளவு நாள்? இதுக்குள்ள நான் வேனைப் பிரிச்சு, கழுவி, மாட்டியிருப்பேன்."

"உங்க வேன்ல போல்ட்டைத் திருகினா திரும்பும். இங்க யாரைத் திருகுறது?"

அடுத்த வாரம் குரல் கேட்டது. மாஜிஸ்ட்ரேட் நல்லவர்தான். இரண்டு நிமிடத்தில் "திருத்துக" என்று உத்தரவு போட்டார். அக்கா அதை உடனே சிறைக்கு அனுப்பினாள். பதிவறை எழுத்தர், முத்திரை போட்ட அசல் வேண்டும் என்றார். நகல் எடுக்கும் பிரிவு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் திறந்தது. திறந்த நாளில், முத்திரையை வைத்துப் பூட்டிய அலமாரியின் சாவியை வைத்திருந்தவர் விடுப்பு. அசல் கைக்கு வந்தபோது, குழுவுக்குத் துணைப் பட்டியல் அனுப்பும் கெடு முந்தின நாள் மாலையோடு முடிந்திருந்தது. குழு பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் கூடும்.

அன்று அக்கா கோபத்தில் ஸ்டேப்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். இருபத்து நான்கு வருடத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. பிறகு அவளே போய் அதை எடுத்து, வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

தங்கை தினமும் பதினொரு மணிக்குப் போன் செய்வாள். முதலில் "மேடம்" என்றவள் இப்போது "அக்கா" என்றாள்.

"அக்கா, நேத்து அண்ணன் வீடியோ கால்ல வந்தான். அஞ்சு நிமிஷம். அவன் பிளாக்ல எல்லாருக்கும் இருமலாம். அவன் பேசறப்பவே பின்னாடி யாரோ இருமிட்டே இருந்தாங்க."

"உங்க அண்ணனுக்கு?"

"இல்லங்கறான். பொய் சொல்றான்க்கா. எனக்குத் தெரியாதா?"

அன்றைக்குத்தான் அக்காவுக்கு அந்த எண்ணம் வந்தது. பெயிண்டருக்குப் போன் செய்ய ஒரு தங்கை இருந்தாள். அந்தத் தங்கையின் போனில் ஒரு படம் இருந்தது. அதனால்தான் பிழை தெரிந்தது. யாருமில்லாதவர்களின் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கும்?

செயலாளருக்குப் போன் செய்து, பட்டியலில் வராத ஐந்நூற்று நாற்பத்தாறு பேரின் விவரமும் வேண்டும் என்றாள்.

"எதுக்கும்மா? சிறை கொடுத்த லிஸ்ட்டுக்கு மனு போடறதுதான் நம்ம வேலை. அவங்க கொடுத்ததையே சந்தேகப்பட்டா எப்படி?"

"ஒரு தப்பு இருக்கே சார்."

"ஒண்ணுதானே. அதான் திருத்தியாச்சே" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அவளே சிறை வாசலுக்குப் போனாள். பதிவறை எழுத்தர் வாயிற்கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். அதுவரை குரலாக மட்டும் தெரிந்தவர். ஒடிசலான ஆள், சவரம் செய்யாத முகம், கசங்கிய சீருடை. இருபத்து மூன்று நாளாக வீட்டுக்கே போகவில்லையாம். உள்ளே வேலை பார்ப்பவர்கள் வெளியே போனால் நோயைக் கொண்டுவருவார்கள் என்று எல்லோரையும் உள்ளேயே தங்க வைத்திருந்தார்கள். பதிவறை மேசைதான் படுக்கை.

"உங்களையும் சேத்துத்தான் சார் உள்ள வச்சிருக்காங்க" என்றாள் அக்கா.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, "எண்ணூறு பேருக்கு நாங்க ரெண்டு பேரும்மா எழுதுறோம். வாரண்ட்ல கோழி கிண்டின மாதிரி எழுதியிருப்பாங்க. மூணா எட்டான்னே தெரியாது. தப்பு இருக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார்.

அன்று மத்தியானம் பதிவேட்டின் பக்கங்களைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினார். நாற்பத்தொரு படங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஒரு வரி.

அக்காவும் வக்கீலும் ஒவ்வொரு பெயராக எடுத்தார்கள். குற்ற எண்ணை வைத்து அந்தந்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்கள். சில ஸ்டேஷனில் எடுத்தார்கள், சில ஸ்டேஷனில் திட்டினார்கள். ஒரு ரைட்டர், "ஏம்மா, நாங்களே முகக்கவசம் போடாதவனைப் பிடிக்கிறதா, உனக்கு நம்பர் சொல்றதா?" என்றார். அவரிடம் மூன்று முறை பேசி, நான்காம் முறை நம்பர் வாங்கினாள். ஆறு நாளில் பதினொரு பிழைகள் கிடைத்தன. பெயிண்டரையும் சேர்த்து, எண் மாறியவர்கள் ஆறு பேர். வழக்கு என்றைக்கோ தள்ளுபடியாகி, அந்தத் தகவலே வந்து சேராதவர்கள் மூன்று பேர். ஒருவனுக்கு அதே பெயருள்ள இன்னொருவனின் கொலை வழக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு விடுதிச் சமையல்காரர். அடிதடி வழக்கு. அறுபத்தேழு வயதுக்காரர். அடிதடியின் பிரிவும் தவறு, வயதும் தவறு. பதிவேட்டில் முப்பத்தேழு என்று இருந்தது. அவரைத் தேடி யாரும் வந்ததில்லை.

குழுவின் அடுத்த கூட்டத்துக்குக் கெடு அந்த ஆறாம் நாள் மாலை ஐந்து மணி. செயலாளரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நாலரைவரை பார்த்தாள். பதினொரு பெயரையும் ஆதாரத்தோடு சேர்த்து, அலுவலக மின்னஞ்சலிலிருந்து நேராகக் குழுவுக்கே அனுப்பிவிட்டாள்.

"அக்கா, இதுக்கு உங்களைக் கேள்வி கேப்பாங்க" என்றாள் வக்கீல்.

"கேக்கட்டும். மறுபடி மறுபடி கேக்கட்டும்."

குழு பதினொரு பேரையும் ஏற்றுக்கொண்டது. ஒரு வாரத்தில் விடுதலை உத்தரவுகள் வந்தன. அதே தபாலில் அக்காவுக்குச் செயலாளரின் மெமோ ஒன்றும் வந்தது. அதிகாரம் இல்லாமல் சிறை ஆவணங்களைப் பெற்று, உரிய வழியில் அல்லாமல் நேராகக் குழுவுக்கு அனுப்பியது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது சரிதான். அவள் மெமோவை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, உத்தரவுகளை எடுத்துக்கொண்டு சிறைக்கு நடந்தாள்.

மாலையில் பதிவறை எழுத்தர் அழைத்தார். அவர் குரலில் அன்று தூக்கம் இல்லை.

"ஒம்பது பேரை விட்டாச்சும்மா. பெயிண்டருக்கு பாசிட்டிவ். நெகட்டிவ் வர்ற வரைக்கும் வெளிய விடக் கூடாதுன்னு ரூல். தனியா வச்சிருக்கோம்."

"சமையல்காரர்?"

"அவரு முந்தாநேத்து ஆஸ்பத்திரியில இறந்துட்டாரும்மா."

அவள் அதை இரண்டாம் முறை கேட்கவில்லை.

அவருக்கான விடுதலை உத்தரவு நான்கு நாள் கழித்து மையத்துக்குத் திரும்பி வந்தது. அதன் மேல் சிவப்பு மையில், 'ஆள் இல்லாததால் நிறைவேற்றப்படவில்லை' என்று எழுதியிருந்தது. அக்கா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேதிகளை எண்ணினாள். காணொளியில் குரல் கேட்காமல் போன வாரம். சாவிக்காரர் விடுப்பில் இருந்த நாள். தனக்கே அந்த எண்ணம் பத்து நாள் முன்னால் வந்திருந்தால்? கடைசிக் கேள்விதான் அவளை விடவில்லை. வீட்டுக்குப் போய், ஸ்டூலில் இருந்த சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உப்பு அதிகமா?" என்று கேட்டார் கணவர்.

"இல்லங்க. நல்லாத்தான் இருக்கு" என்றவள், அதற்கு மேல் அடக்க முடியாமல் அழுதாள். அவர் கதவு வரை வந்தார். உள்ளே வரவில்லை, அவள் கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய மூச்சின் இழுப்பு அவளுக்குக் கேட்டது.

பெயிண்டருக்கு நெகட்டிவ் வரப் பத்தொன்பது நாள் ஆனது. அவன் வெளியே வந்த காலை, தங்கையோடு அக்காவும் வாயிலில் நின்றாள். நன்றி வாங்கிக்கொள்ள அல்ல. யாராவது ஒருவர் வெளியே வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்போல இருந்தது. எலும்பும் தோலுமாக வந்தான். நாலடி நடந்துவிட்டு நின்று மூச்சு வாங்கினான். தங்கை ஓடிப்போய் அவன் பையை வாங்கினாள்.

"இவங்கதாண்ணா அந்த அக்கா."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"ரெண்டு நம்பரைத் திருத்த எழுபது நாளாம்மா? என் பக்கத்துல படுத்திருந்த பெரியவரு செத்தே போயிட்டாரு. சமையல்காரரு. நாம வெளிய போவோம்னு தினம் நான்தான் அவருக்குச் சொல்லிட்டிருந்தேன். நீங்கல்லாம் அங்க உக்காந்து என்ன பண்ணீங்க?"

"அண்ணா!" என்றாள் தங்கை.

"விடும்மா" என்றாள் அக்கா. "கேக்கட்டும். கேக்க வேண்டியதுதான்."

நடந்ததையெல்லாம் அவனிடம் சொல்லியிருக்கலாம். சீல் வைத்த கட்டடம், முத்திரை, கெடு, எல்லாமே உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தபோது, இவ்வளவு நாளாக மற்றவர்கள் தன்னிடம் சொன்ன சாக்குகளைப் போலவே அவை ஒலித்தன. திரும்பி நடந்தாள்.

மெமோவுக்கு இரண்டு வரியில் பதில் எழுதினாள்: கெடு முடிய அரை மணி நேரம் இருந்தது, தங்கள் போன் அணைக்கப்பட்டிருந்தது. பணிப் பதிவேட்டில் எச்சரிக்கை ஏறியது. அந்த வருடம் வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது.

நோய் தணிந்தது. பள்ளிகள் திறந்தன. வேனின் தார்ப்பாயை உருவியபோது அதற்குள் பூனை குட்டி போட்டிருந்தது. கணவர் மறுபடி ஸ்டியரிங் பிடித்தார். அந்த நேரத்தில்தான் புதிய உத்தரவு வந்தது. சூழ்நிலை சீரடைந்துவிட்டதால், தற்காலிகமாக வெளியே விடப்பட்ட அனைவரும் பதினைந்து நாளுக்குள் சிறைக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டியது சட்ட உதவி மையம்.

வழக்கே தள்ளுபடியான மூன்று பேரைத் தள்ளி, நூற்றுத் தொண்ணூற்றைந்து நோட்டீஸ். வெளியே வருவதற்கான மனுவை அடித்த அதே விரல்களால், உள்ளே போவதற்கான கடிதத்தையும் அடிக்க வேண்டும். "எனக்கு உடம்பு சரியில்ல சார், வேற யாரையாவது அடிக்கச் சொல்லுங்க" என்று செயலாளரிடம் கேட்டுப் பார்த்தாள். வேறு யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு கடிதத்தின் கீழும், உத்தரவில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தாள்: நிரந்தர ஜாமீன் கேட்க விரும்புவோர் இந்த அறைக்கு உடனே வரவும், கட்டணம் இல்லை.

எழுபது பேர் வரை வந்தார்கள். வக்கீல் ஒருத்தியாக நின்று ஒவ்வொருவருக்கும் மனு போட்டாள். ஜாமீன்தார் நிபந்தனையை எடுத்துவிடக் கேட்டாள். சிலருக்குக் கிடைத்தது. பலருக்கு 'அடுத்த தேதி' என்று வந்தது. அந்தத் தேதிக்கு முன்னால் கெடு வந்துவிட்டது. அவர்கள் துணிப்பையோடு சிறைக்கு நடந்தார்கள். மையத்துக்கு வராதவர்களில் பெரும்பாலோர் நோட்டீஸ் கிடைத்த அன்றே சிறைக்குத் திரும்பிவிட்டிருந்தார்கள். சிறை மறுபடி எழுநூற்றைத் தாண்டியது.

பெயிண்டர் கடைசி நாள் காலையில் வந்தான். பையில் இரண்டு சட்டை, ஒரு துண்டு, சோப்பு. அவன் மனு அன்று மதியம்தான் விசாரணைக்கு வந்தது. வக்கீல் மேலே போயிருந்தாள். அக்கா அவனைப் பெஞ்சில் உட்காரச் சொன்னாள். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. விசைப்பலகையைப் பார்த்தே எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

அவனே பேச்செடுத்தான்.

"இந்தச் சுவரு யாரு அடிச்சது?"

"தெரியாதுப்பா. நாலு வருஷம் இருக்கும்."

"ப்ரைமரே போடாம அடிச்சிருக்கான். உள்ள ஈரம். கை வச்சா உதிருது பாருங்க." எழுந்து போய் நகத்தால் சுரண்டினான். ஒரு கையளவு பெயிண்ட் பொலபொலவென்று தரையில் விழுந்தது. "ரெண்டு மணி நேரம் நின்னா எனக்கு மூச்சு வாங்குது. இல்லன்னா நானே அடிச்சிருவேன்."

"நீ உக்காரு. சுவரைப் பிரிச்சுப் போட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிடாத. அதுக்கும் எனக்குத்தான் மெமோ வரும்."

அவன் சிரித்ததுபோல இருந்தது. அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நாலே முக்காலுக்கு வக்கீல் படியிறங்கி வந்தாள். சொந்தக் கையெழுத்தின் பேரில் ஜாமீன் கிடைத்துவிட்டது. பெயிண்டர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். கும்பிடவில்லை. "வர்றேன்" என்று மட்டும் சொன்னான். அவன் வழக்கு இன்னும் நடக்கிறது; மோட்டார் இன்னும் கிடைக்கவில்லை.

கெடுவுக்குள் ஜாமீன் கிடைக்காமல் அன்றைக்குச் சிறைக்குத் திரும்பியவர்கள் பதினாறு பேர். அவர்களுடைய பெயர்களை அக்கா தனித் தாளில் எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் பிரிவு எண்ணையும் வயதையும் போட்டுவிட்டு, சிறைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கப் பதிவறை எழுத்தருக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுநாள் முதல் வேலையாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.